ஊசி வந்து சேர்ந்தது, மலசலகூடம் வரவில்லை



ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று பாடசாலையிலிருந்து பெற்றோருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தோம். மறுநாள் காலையில், பிரட்டுக்குப் போகும் வழியில், இடுப்பில் படங்கு கட்டியபடியே ஒரு தாய் பாடசாலை வாசலில் வந்து நின்றார். கையில் அந்தக் கடிதம் இருந்தது. கையொப்பம் வைக்கவில்லை.

"டீச்சர், ஒன்னு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. இது பிள்ள பெறாம இருக்கிறதுக்குப் போடுற ஊசியா?"

"இல்லம்மா" என்றேன்.

"எங்கம்மாகிட்டயும் அப்ப ஒன்னும் இல்லன்னுதான் சொன்னாங்க" என்றார் அவர்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவர் கேட்டதில் பிழை இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நமது தோட்டங்களில் பணம் கொடுத்துக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார்கள். எதற்குக் கையொப்பம் வைக்கிறோம் என்று சரியாகத் தெரியாமலே வைத்த தாய்மார் நம் லயங்களில் இன்றும் இருக்கிறார்கள். அந்த வேதனையைப் பார்த்து வளர்ந்த மகள், தன் பிள்ளைக்கு ஊசி என்றதும் பயப்படாமல் என்ன செய்வார்? "படிக்காத சனம், அதுதான் பயப்படுது" என்று சொல்கிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கம் சொல்லாமல் வாங்கிய கையொப்பம் இரண்டு தலைமுறைக்குச் சந்தேகத்தை விட்டுவிட்டுப் போகும்.

ஆகவே அந்தத் தாயை உள்ளே கூப்பிட்டு, பிரட்டுக்கு இருந்த பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். அதையே இங்கு எல்லாருக்கும் எழுதுகிறேன்.

இந்த ஊசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுப்பதற்கு. கருப்பையின் வாய்ப் பகுதியில் வருகிற இந்தப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. என்ற வைரசுதான் காரணம். அதைக் கண்டுபிடித்த ஜேர்மன் விஞ்ஞானி ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரசில் பல வகை உண்டு. அதில் 16, 18 என்ற இரண்டு வகைகளே நூறில் சுமார் 70 பேருக்கு இந்தப் புற்றுநோயைத் தருகின்றன. ஊசி அந்த இரண்டையும் தடுக்கிறது. தாம்பத்திய உறவு வழியாகத் தொற்றுகிற கிருமி என்பதால், அதற்குப் பல வருடம் முன்பே, பத்துப் பதினொரு வயதில் போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும். அதனால்தான் ஆறாம் வகுப்பு. நமது நாட்டில் 2017 முதல் இது இலவசமாகப் போடப்படுகிறது.

பலன் இருக்கிறதா? சுவீடனில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வருடக்கணக்காகப் பார்த்து 2020 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 17 வயதுக்கு முன் ஊசி போட்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் 88 வீதம் குறைவு. ஸ்கொட்லாந்தில் 2008 இல் தொடங்கினார்கள். 12, 13 வயதில் முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வரவில்லை என்று 2024 இல் அறிவித்தார்கள். பிள்ளைப்பேற்றை இந்த ஊசி பாதிக்கிறது என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வந்து, சத்திரசிகிச்சையில் கருப்பையை எடுக்க நேர்ந்தால்தான் பிள்ளை பெற முடியாமல் போகும். பிள்ளைப்பேற்றுக்கு எதிரி நோய்தான், ஊசி இல்லை.

அந்தத் தாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பேனையை வாங்கிக் கையொப்பம் வைத்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்:

"நோய் வராம இருக்க இவ்வளவு தூரம் ஊசியத் தூக்கிட்டு வாறாங்க. நல்லதுதான் டீச்சர். மலையில ஒரு கக்கூசு கட்டித் தர மட்டும் யாரும் வரலையே?"

அவர் போய்விட்டார். நான் ஆசிரியை மட்டுமில்லை, சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவள். அந்தக் கேள்வி சங்கத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி. இந்த மாதத் தலையங்கம் அதைப் பற்றியதுதான்.

ஊசிகள் நமக்குச் செய்தவை

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். நம் பாட்டிமார் காலத்தில் பிறந்த ஏழெட்டு நாளில் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு வில்லாக வளைந்து பிள்ளைகள் செத்தன. ஏதோ தோஷம் என்றார்கள். அது ஏற்புவலி. தொப்புள்கொடியை அழுக்கான கத்தியால் வெட்டியதில் வந்த கிருமி. கர்ப்பிணித் தாய்க்குப் போடுகிற ஏற்பூசி தாயின் இரத்தம் வழியாகப் பிள்ளைக்கும் காவலாகப் போய்ச் சேரும். சுத்தமான பிரசவமும் அந்த ஊசியும் சேர்ந்துதான் அந்தச் சாவுகளை நிறுத்தின.

ருபெல்லாவை ஜேர்மன் சின்னமுத்து என்றும் சொல்வோம். பெரியவர்களுக்கு மூன்று நாள் காய்ச்சலும் தடிப்பும் வந்து போகும். ஆனால் கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால் பிள்ளை கண்ணில் வெண்புரையோடு, காது கேளாமல், இருதயக் கோளாறோடு பிறக்கலாம். இதைக் கண்டுபிடித்த கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1941 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்தியர், வெண்புரையோடு பிறந்த பிள்ளைகள் திடீரென்று அதிகமாக வருவதைக் கவனித்தார். தாய்மாரிடம் கேட்டுப் பார்த்தார். கர்ப்பமாக இருந்தபோது ருபெல்லா வந்தது என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். கர்ப்பிணிக்கு வருகிற ஒரு சின்னக் காய்ச்சல் வயிற்றுப் பிள்ளையைக் கெடுக்கும் என்று உலகம் அறிந்தது, தாய்மார் சொன்னதை ஒரு வைத்தியர் காது கொடுத்துக் கேட்டதால்தான். இலங்கையில் ருபெல்லா ஊசி 1996 இல் தொடங்கியது. 2020 இல் ருபெல்லாவை ஒழித்த நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் நம்மை அறிவித்தது.

கிளினிக்கில் முதல் தடவை பதியும்போது எடுக்கிற இரத்தத்தில் சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டையும் பார்க்கிறார்கள். சிலர் இதை அவமானமாக நினைத்து ஒதுங்குகிறார்கள். ஒதுங்க வேண்டியதில்லை. எல்லாத் தாய்மாருக்கும் எடுக்கிற சோதனை அது. நேரத்தோடு கண்டுபிடித்தால் சிபிலிஸை பெனிசிலின் ஊசியால் குணப்படுத்தலாம். எச்.ஐ.வி. இருந்தாலும் மருந்து எடுத்தால் பிள்ளைக்குப் போகாமல் தடுக்கலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டும் பரவுவதை ஒழித்ததற்காக 2019 இல் இலங்கைக்கு உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழ் கிடைத்தது. அந்தச் சான்றிதழில் மழையில் நனைந்து கிளினிக்குக்கு நடந்த நமது தாய்மாருக்கும், லயம் லயமாக ஏறி இறங்கிய மருத்துவமாதுமாருக்கும் பங்கு உண்டு.

ஊசியால் தடுக்க முடியாத தொற்று

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, கொழுந்து எடுக்கிறவள், ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கூடை சுமக்கிற இடுப்பு வலிக்கத்தானே செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு நாள் மலையிலேயே குளிர்காய்ச்சல் வந்து நடுங்கி விழுந்தாள். முச்சக்கர வண்டி பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். சிறுநீரில் தொற்று, அது சிறுநீரகம்வரை ஏறிவிட்டது என்றார்கள். பிள்ளை நாள் நிறையாமல் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் சில கிழமைகள் அந்தப் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள்ளேதான் கிடந்தது.

வைத்தியர் அவளிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று கேட்டார். "காலையில ஒரு தேத்தண்ணி, மத்தியானம் சாப்பாட்டோட கொஞ்சம்" என்றாள். ஏன் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "குடிச்சா ஒதுங்கணும் டொக்டர். ஒதுங்க இடமில்ல."

நம் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் சகோதரர்கள் ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும். காலை ஏழரைக்கு மலை ஏறுகிற பெண் மாலை நாலரைவரை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அட்டை, பாம்பு, குளவி ஒரு பக்கம். கங்காணி, கணக்கப்பிள்ளை, கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகள் இன்னொரு பக்கம். தேயிலைச் செடி இடுப்பளவுதான். மறைவு தேடி நடந்து போய் வந்தால் கொழுந்து குறையும், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். ஆகவே அவள் தண்ணீரே குடிப்பதில்லை. மாதவிடாய் நாட்களில் துணி மாற்றக்கூட வழியில்லை. கர்ப்பமாக இருந்தால் அடிக்கடி சிறுநீர் வரும். அவள் இன்னும் குறைவாகக் குடிப்பாள்.

இதைப் பற்றியும் உலகில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. கர்ப்பகாலத்தில் கருப்பை பெரிதாகிச் சிறுநீர்க் குழாய்களை அழுத்தும். உடம்பில் சுரக்கிற ஹோர்மோன்களால் அந்தக் குழாய்கள் தளர்ந்து சிறுநீர் தேங்கும். தேங்கிய இடத்தில் கிருமி பெருகும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் எட்வர்ட் காஸ் என்ற வைத்தியர் அறுபது எழுபது வருடத்துக்கு முன்பே ஒன்றைக் காட்டினார். எரிவு, வலி, காய்ச்சல் எதுவுமே இல்லாத கர்ப்பிணிகளின் சிறுநீரிலும் கிருமி பெருகியிருக்கலாம். கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் அது சிறுநீரகத்துக்கு ஏறுவதைத் தடுக்கலாம். நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்கு இப்படி இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அவர்களில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம்வரை ஏறும் என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறும். ஏறினால் தாய்க்கு ஆபத்து, பிள்ளை நாள் நிறையாமல் பிறக்கலாம் என்பதில் மாற்றமில்லை. ஆகவே கிளினிக்கில் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னால் அது சீனி வியாதிக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற 140 பெண்களை வைத்து பல்கேரியாவில் ஓர் ஆய்வு நடத்தி, முடிவை 2018 இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமாகக் குடிப்பதைவிட ஒன்றரை லீற்றர் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். மற்றப் பாதிப் பேர் வழக்கம் போலவே இருந்தார்கள். ஒரு வருட முடிவில், வழக்கம் போல் இருந்தவர்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 3.2 தடவை தொற்று வந்தது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 தடவை. அவர்கள் கர்ப்பிணிகள் இல்லை. என்றாலும் பாடம் ஒன்றுதான். எந்தப் புது மருந்தும் இல்லாமல், வெறும் தண்ணீரால் தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நமது பெண்களுக்கு அந்த மருந்தைக் குடிக்க முடியவில்லை. குடித்தால் ஒதுங்க இடமில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து உண்டாக்கிய ஊசி ஆறாயிரம் அடி உயரத்து மலைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நாலு தகரமும் ஒரு குழியும் ஒரு கதவும் வந்து சேரவில்லை.

நிர்வாகம் சொல்லும் காரணங்கள்

கேட்டால் "மலை பெரியது, எந்த இடத்தில் கட்டுவது?" என்கிறார்கள். கொழுந்து நிறுக்கிற தராசு ஒவ்வொரு நாளும் எந்த இடத்துக்கு வரும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். கொழுந்து லொறி எந்த வளைவில் நிற்கும் என்றும் தெரியும். தராசு போகிற இடத்துக்கு மலசலகூடமும் போகலாம். நிறுவை மடுவம் உள்ள இடத்தில் நிரந்தரமாகக் கட்டலாம், மற்ற இடங்களுக்குக் கொண்டு போகக்கூடியதை வைக்கலாம்.

"கட்டிக் கொடுத்தாலும் பாவிக்க மாட்டார்கள்" என்கிறார்கள். தண்ணீர் இல்லாமல், உள்ளே கொண்டி இல்லாமல், ஆண்கள் வேலை செய்கிற இடத்துக்கு நேரே வாசல் வைத்துக் கட்டினால் யாரும் பாவிக்க மாட்டார்கள்தான். பாவிக்கிற பெண்களைக் கேட்டு இடம் பார்க்க வேண்டும்.

"செலவு" என்கிறார்கள். தவளைச் சின்னம் போட்ட தேயிலைப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அது ரெயின்ஃபொரஸ்ட் எலையன்ஸ் சான்றிதழ். தொழிலாளருக்குக் குடிநீரும் மலசல வசதியும் இருக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. அந்தச் சின்னத்தால் தேயிலைக்கு வெளிநாட்டுச் சந்தையில் இடம் கிடைக்கிறது. அப்படியானால் விதியையும் நிறைவேற்ற வேண்டும். உங்கள் தோட்டத்துக்குச் சோதனைக்கு வருகிறவர்கள் தொழிலாளரிடம் பேச வேண்டும் என்றால், ஒளிக்காமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

நாம் கேட்பவை

ஒன்று: கொழுந்து எடுக்கும் ஒவ்வொரு மலையிலும், நடந்து போய்வரக்கூடிய தூரத்தில், பெண்களுக்கென்று தண்ணீரும் கதவும் கொண்டியும் உள்ள மலசலகூடம். கை கழுவச் சவர்க்காரம். குடிக்கச் சுத்தமான தண்ணீர்.

இரண்டு: கர்ப்பிணித் தாய்க்குக் கிளினிக் நாளில் முழுப் பேர். மேலே சொன்ன தங்கச்சி இரண்டு கிளினிக்கைத் தவறவிட்டவள். ஏன் என்று கேட்டதற்கு "பேர் போயிரும்" என்றாள். ஒரு நாள் பேருக்குப் பயந்து ஒரு சோதனையை விட்டதற்கு அந்தப் பிள்ளை கொடுத்த விலையை நாங்கள் பார்த்தோம்.

மூன்று: சட்டத்தில் உள்ளதை அப்படியே தர வேண்டும். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி பிரசவ விடுமுறை 12 கிழமை. மூன்றாவது பிள்ளை என்றால் பாதிதான் என்று முன்பு இருந்தது. 2018 இல் அந்த வேறுபாடு நீக்கப்பட்டுவிட்டது. இன்றும் பழைய கணக்கைச் சொன்னால் சங்கத்துக்கு அறிவியுங்கள். பிரசவத்துக்கு முன் மூன்று மாதமும் பின் மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு வரக்கூடிய வேலையைக் கொடுக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. நிறைமாதக்காரியைச் செங்குத்தான மலைக்கு அனுப்புவது அதற்கு மாறானது.

நாம் செய்ய வேண்டியவை

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. இந்தக் கோரிக்கை இத்தனை வருடம் நமது தோட்டக் கமிட்டிகளில் ஏன் முதலில் வரவில்லை? கமிட்டியில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இதைப் பேச அவர்களுக்குக் கூச்சம். பெண்களுக்கு அவர்கள் முன்னால் சொல்ல வெட்கம். சம்பளத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசுவோம், இதைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். கொழுந்து எடுக்கிறவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். அவர்களுடைய சந்தாவில்தான் சங்கம் நடக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதலாவது விடயமாக இதை வையுங்கள். தலைவர் தயங்கினால் மாதர் தலைவி எழுந்து பேசுங்கள். எந்தெந்த மலையில் வசதி இல்லை, பக்கத்து லயத்துக்குப் போய்வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதிச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் உங்கள் தோட்டப் பாடசாலை ஆசிரியரைக் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. நாள் தள்ளிப் போனதும் மருத்துவமாதுவிடம் பதியுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிவு, நிறமாற்றம், அடிவயிற்று வலி, குளிரோடு காய்ச்சல், விலாப்பக்கம் குத்து இருந்தால் கூடை சுமந்த வலி என்று விட்டுவிடாமல் அன்றைக்கே காட்டுங்கள். கொடுத்த மாத்திரையை இரண்டு நாளில் சுகம் என்று நிறுத்தாமல் முடியும்வரை குடியுங்கள். பழைய மாத்திரை, பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டாம். 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துச் சோதனை செய்கிறார்கள். மகளுக்கு ஊசி போட்ட தாய்மார் தங்களுக்கும் அந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கணவன்மார் கிளினிக் நாளைக் கலண்டரில் குறித்து வைத்து, முடிந்தால் கூடப் போங்கள்.

பாடசாலைக்கு ஊசிக் கடிதம் வந்தால் சந்தேகம் இருக்கிறவர்கள் வந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, விளக்குவது எங்கள் கடமை. விளங்கிய பிறகு வையுங்கள் கையொப்பம்.

ஊசி போட்ட அன்று அந்தத் தாயின் மகள் கையைத் தடவிக்கொண்டே வகுப்புக்கு வந்து உட்கார்ந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. அவள் மலைக்குப் போகாமல் வேறு வேலைக்குப் போவாள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அவளுடைய அம்மா நாளைக் காலை ஏழரைக்கு மலை ஏறுவார். அவர் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கொடுக்கப்படவில்லை. அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் சங்கம் அந்தக் கேள்வியை முதலில் வைக்கும். அதற்கு வேண்டிய கணக்கை உங்கள் கொப்பியில்தான் எழுத வேண்டும். இந்த மாத முடிவுக்குள் அனுப்பி வையுங்கள்.